ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி: விராலுக்கும் வாளைக்கும் எங்கே, எப்படித் தூண்டில் போடுவது?

பாளைத் தக்கை:
வணக்கம். சேரன்மகாதேவியிலிருந்து சீவலப்பேரி வரைக்கும் கரையில நின்னு விராலுக்கு வீசுறேன். ராடு (தூண்டில் கம்பு) 7 அடி மீடியம், ரீல் (நரம்பு சுத்துற உருளை) 3000 சைஸ், பிரெய்டு (பின்னல் நரம்பு) 20 பவுண்டு, போலி இரைக்கு ரப்பர் தவளை 6 செ.மீ., ஸ்பூன் (தகட்டு இரை) 12 கிராம். கோடைக்கு இது போதுது. ஐப்பசி பிறந்து தண்ணி கலங்கினதும் தவளையை மீன் அடிக்குது, தூண்டில் முள்ளு ஏற மாட்டேங்குது. ஸ்பூனை எட்டிக்கூடப் பாக்கல. மழைக்காலத்துக்கு என்ன மாத்தணும்? வாளைக்குத் தனியா என்ன சாமான் வேணும்? தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

மேலக்கால்:
தம்பி, முதல்ல நிக்கிற இடத்தை மாத்துங்க. சாமானை அப்புறம் பேசலாம்.

கோடையில ஆறு ஒடுங்கி ஓடும், மீன் குழியில கிடக்கும். ஐப்பசியில நடு ஆத்துல இழுப்பு கூடினதும் கெண்டைக்குஞ்சு, அயிரை எல்லாம் கரையோரம் ஒதுங்கும். பின்னாலயே விராலும் கோரைக்குள்ள, முழங்கால் தண்ணி வரைக்கும் வந்துரும். அந்த நேரத்துல கரை நுனியில நின்னு முப்பது மீட்டர் வீசினா, மீன் உங்க காலடியில கிடக்கு, தவளை ஆத்து நடுவுல கிடக்கு. கரையை விட்டு நாலு எட்டு பின்னால நின்னு, கரையை ஒட்டி நீளவாக்குல வீசுங்க. சத்தம் போடாம நடங்க. விரால் கரையதிர்ச்சிக்கு உடனே உள்ள போயிரும்.

இடம்னா மூணு வகை. ஒண்ணு, அணைக்கட்டுக்குக் கீழே ஓரத்துல தண்ணி சுழண்டு திரும்புற தேக்கம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம்னு எட்டு அணைக்கட்டு இருக்கு. புதுத்தண்ணி வந்ததும் சின்ன மீன் எதிர்த்து ஏறி வந்து சுவத்துல முட்டி நிக்கும். கொன்று தின்கிற மீனுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனா நுரை பொங்குற வெள்ளைத் தண்ணிக்குள்ள வீசிப் பிரயோஜனம் இல்ல. நுரை அடங்கி, தண்ணி கண்ணாடி மாதிரி வழுக்கி ஓடத் தொடங்குற கோட்டுல வீசணும். அணைக்கட்டுச் சுவரு மேலயும் அதுக்குக் கீழ உள்ள கல் தளத்துலயும் ஏறவே கூடாது. பாசி வழுக்கினா நேரா சுழிக்குள்ளதான்.

ரெண்டாவது, வயல் வடிகால் ஆத்துல விழுற வாய். இதைத்தான் நம்ம ஆட்கள் பாதிப் பேரு விட்டுருதாங்க. பிசானத்துக்கு (மழைக்கால நெல்லுக்கு) தொளி அடிச்சு நடவு நடக்குற நேரம் அது. வயல்ல இருந்து வர்ற கலங்கல்ல புழு, பூச்சி, தவளைக்குஞ்சு எல்லாம் சேந்து வரும். கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய்ப் பாசன வயல் ஆத்தைத் தொடுற பக்கமெல்லாம் இப்படிச் சின்ன வாய் இருக்கும். ரெண்டு அடி அகல ஓடைதானேன்னு தாண்டிப் போகாதீங்க. விழுற இடத்துக்கு ஒரு பாகம் (ரெண்டு கை விரிச்ச நீளம்) கீழ, கரை குடைஞ்ச பக்கத்துல விரால் படுத்திருக்கும்.

மூணாவது அமலைச்செடி, அதான் ஆகாயத்தாமரை. வெள்ளத்துல அறுபட்டு மிதந்து வந்து ஒதுங்கின திட்டு மேல வீசாதீங்க, அடியில ஒண்ணும் இருக்காது. பழைய இடத்துலயே வேரூன்றி நிக்கிற திட்டோட தாழ்பக்க விளிம்புதான் மீன் உள்ள இடம்.

சீவலப்பேரியில சிற்றாறு கலக்குது. நாட்டுப்புறத்துல மழை பெஞ்சு சிற்றாறு செம்மண்ணா வந்து, பெரிய ஆறு தெளிவா இருந்தா, ரெண்டு தண்ணியும் ஒட்டாம கொஞ்ச தூரம் கோடு போட்டு ஓடும். அந்தக் கோட்டோட தெளிஞ்ச பக்கத்துல வீசுங்க. மீன் கலங்கலுக்குள்ள மறைஞ்சு நின்னு தெளிஞ்ச பக்கத்தைப் பாத்து அடிக்கும்.

பாளைத் தக்கை:
நன்றி அண்ணாச்சி. தண்ணி எவ்வளவு கலங்கலா இருந்தா வீசலாம், எப்ப வீட்டுக்குத் திரும்பலாம்? அதுக்கு ஒரு அளவு சொல்லுங்க.

மேலக்கால்:
லூரை (போலி இரையை) ராடு நுனியில தொங்கவிட்டு மெதுவா முக்குங்க. ஒரு முழம் ஆழத்துல தெரிஞ்சா தவளை, ஸ்பூன் எல்லாம் போடலாம். ஒரு சாண் ஆழம் போறதுக்குள்ள மறைஞ்சா ஸ்பூனை பெட்டியில வைங்க. மேல் தண்ணியில சத்தம் போடுற லூர், இல்லேன்னா வாசனை இரை, இது ரெண்டுதான். நாலு விரல் ஆழத்துலயே மறைஞ்சா விராலை விட்டுட்டு கெளுத்திக்கு மண்புழு போடுங்க.

தண்ணி ஏறுதா இறங்குதாங்கிறது கலங்கலைவிட முக்கியம். ஏறும்போது மீன் இடம் மாறிக்கிட்டே இருக்கும், இரை எடுக்காது. உச்சத்துல ஆத்துப் பக்கமே போக வேண்டாம். வடியத் தொடங்கின ரெண்டாம் நாள்லயிருந்து நாலாம் நாள் வரைக்கும் நல்ல நேரம். ஏன்னா, கோரைக்குள்ள ஏறி நின்ன சின்ன மீன் தண்ணி குறையக் குறைய வெளிய வந்தாகணும். வர்ற வழி சின்னச் சின்ன வாய்க்கால்தான். அந்த வாயில விரால் காத்துக் கிடக்கும்.

சுத்தமல்லி நாணல்:
முள் ஏறாத விஷயத்துக்கு வரேன். தவளையில அடி தவறுறதுக்குக் காரணம் பெரும்பாலும் மூணு இடத்துல இருக்கு.

முதல் காரணம் ராடும் நரம்பும். மீடியம் ராடு வளையுற வளைவுலயே உங்க இழுப்பு தீந்துரும். தவளையோட ரப்பர் உடம்பு அமுங்கினாத்தான் ரெட்டை முள் வெளிய வரும். அதுக்கு மீடியம் ஹெவி வேணும், 6.6 அடியிலிருந்து 7 அடி. பிரெய்டு 40 பவுண்டு. 20 பவுண்டுல மீன் அறுக்காது, செடி அறுக்கும். டிராக்கை (ரீல்ல நரம்பு நழுவுறதைக் கட்டுப்படுத்துற பிடியை) நல்லா இறுக்கி வைங்க. கையால நரம்பைப் பிடிச்சு இழுத்தா சிரமப்பட்டு நகரணும். கோரைக்குள்ள விராலுக்கு ஒரு மீட்டர் விட்டுக்கொடுத்தா அது தண்டைச் சுத்திரும், அப்புறம் செடியைத்தான் இழுப்பீங்க.

ரெண்டாவது, லூரையே சரி பண்ணணும். புதுத் தவளையில முள் நுனி உடம்போட ஒட்டிக் கிடக்கும். இடுக்கியால ரெண்டு நுனியையும் ஒரு நூல் அளவுக்கு மேல் நோக்கி, வெளிப்பக்கமா விரிங்க. அதுக்கு மேல விரிச்சா செடியில மாட்டும். வாலுக்குத் தொங்குற ரப்பர் கால் நீளமா இருந்தா மீன் காலை மட்டும் கவ்விட்டு விட்டுரும். ஒவ்வொரு பக்கமும் பாதியா வெட்டுங்க. ரெண்டு காலையும் ஒரே நீளத்துல வெட்டினா தவளை நேரா வரும். ஒரு பக்கம் ஒரு செ.மீ. கூட விட்டா தலை ஆட்டிக்கிட்டு வரும், கலங்கல்ல அது நல்லது. நாலு வீச்சுக்கு ஒரு தரம் தவளையை அமுக்கி உள்ள ஏறின தண்ணியைப் பிழிஞ்சு விடுங்க. தண்ணி ஏறின தவளை பின்பக்கம் முங்கி வரும், முள்ளும் சேந்து முங்கும், அடிச்ச மீன் முதுகைத்தான் தொடும்.

மூணாவது நேரம். தண்ணி தெறிச்சதும் இழுக்காதீங்க. விரால் முதல் அடியில இரையை அமுக்கும், ரெண்டாவதுலதான் விழுங்கும். தெறிச்சதும் ராடு நுனியைத் தண்ணி பக்கம் தாழ்த்தி, தொய்வைச் சுத்தி எடுத்து, கனம் கையில தெரிஞ்ச பிறகு மேல் நோக்கி வேகமா ஒரே இழுப்பு. கனம் தெரியலேன்னா தவளையை அங்கேயே அசையாம விடுங்க. நிறைய நேரம் திரும்ப வந்து எடுக்கும்.

கலங்கின தண்ணியில தவளையை ஓட விடாதீங்க. ரெண்டு தத்து, மூணு எண்ணுற வரை நிறுத்து, மறுபடி ரெண்டு தத்து. வயித்துல சின்னச் சுழல் தகடு வச்ச தவளை கிடைச்சா இந்த மாசத்துக்கு அதுதான். கறுப்பு நிறம் எடுங்க. கீழயிருந்து பாக்குற மீனுக்கு வெளிச்சத்துக்கு எதிரா கறுப்புத்தான் உருவம் காட்டும்.

கல்லிடை:
நாணல் அண்ணே சொன்னதுல ஒண்ணே ஒண்ணுல எனக்கு மாத்துக் கருத்து. பிரெய்டை நேரா லூர்ல கட்டுறதா, நடுவுல லீடர் (உரசல் தாங்குற துண்டு நரம்பு) போடுறதா? நம்ம ஆத்துல லீடர் இல்லாம வீசக்கூடாது. அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பாறை அதிகம். பிரெய்டு பாறையில ஒரு தரம் உரசினாலே நூல் பிரிஞ்சிரும்.

சுத்தமல்லி நாணல்:
பாறைக்குச் சரிதான். கீழ, மணலும் கோரையுமா உள்ள இடத்துல லீடர் முடிச்சு ராடு வளையத்துல தட்டிக்கிட்டே இருக்கும். செடியையும் அள்ளிட்டு வரும். அங்க நேரா பலோமர் முடிச்சு போட்டா போதும். பாறை உள்ள இடத்துல 50 பவுண்டு தங்கூசி (நைலான் நரம்பு), ஒண்ணரை அடி. அதுக்கு மேல நீளம் வேண்டாம், முடிச்சு வளையத்துக்கு வெளியவே நிக்கணும்.

கல்லிடை:
அந்த அளவு எனக்கும் ஒத்துவரும்.

மேல்பகுதிக்கு வர்றவங்களுக்கு இன்னும் ரெண்டு சேதி. பாபநாசத்துல பரிகாரம்னு சொல்லி ஆத்துல விடுற துணி எல்லாம் அடியில கல்லோட பின்னிக் கிடக்கு, வெள்ளம் வந்தா கீழயும் இறங்கி வரும். மும்முள் வச்ச லூரை அடியில இழுத்தா சேலைதான் வரும், பலமா இழுத்தா நரம்பு அறும். முள் மறைஞ்ச லூர் மட்டும் போடுங்க. மாட்டின துணியைக் கரையில போட்டுட்டுப் போங்க, திரும்ப ஆத்துல வீசாதீங்க.

மலைக்கு மேல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988லேயே அறிவிச்சது. சோதனைச் சாவடி தாண்டினா தூண்டிலுக்கு இடமே கிடையாது. கோயில் படித்துறை மீனும் அப்படித்தான், ஜனங்க பொரி போட்டு வளக்குற மீன். திருப்புடைமருதூர்ல பறவைகள் இருக்கிற பகுதியும் 2005லிருந்து காப்பகம். அந்தக் கரையை விட்டுருங்க. மாட்டி அறுந்த நரம்பு கொக்கு கால்ல சுத்தினா அது செத்துப் போயிரும்.

வாளைவலம்:
வாளைக்கு வரேன். இது முழுக்க வேற வேலை.

வாளை அடியில படுக்குற மீன், இருட்டுல நடமாடும். வெளி வளைவுல கரை அரிச்சு ஆழமான இடம், அணைக்கட்டுக்குக் கீழ உள்ள மடு முடிஞ்சு மேடு ஏறுற இடம், இந்த ரெண்டுலதான் தேடணும். பொழுது அடைஞ்சதுல இருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் நல்லா எடுக்கும். கலங்கல் அதுக்குத் தடையே இல்ல. மீசையும் வாசனையும் வச்சே இரையைக் கண்டுபிடிச்சிரும். அதனால விராலுக்கு லாயக்கில்லாத நாள் வாளைக்கு நல்ல நாள்.

ராடு 8 அடி, ஹெவி. ரீல் 5000 சைஸ். 0.50 மி.மீ. தங்கூசி 150 மீட்டராவது வேணும். பிரெய்டுன்னா 50 பவுண்டு. தங்கூசி இழுபடும், அதனால வாளை தலையை உதறும்போது முள் கழராது. நான் தங்கூசி பக்கம்தான். கட்டுற முறை: முதல்ல நரம்புல ஓட்டை ஈயம் கோத்து விடுங்க, 40 கிராம், இழுப்பு கூடினா 60. அதுக்குக் கீழ ஒரு பாசிமணி, அப்புறம் சுவிவல் (சுழலுற இணைப்பு). பாசிமணி இல்லேன்னா ஈயம் முடிச்சையே தட்டித் தட்டி அறுத்துரும். சுவிவலுக்குக் கீழ 80 பவுண்டு தங்கூசி, ஒண்ணரை அடி. வாளைக்குப் பல் ஊசி ஊசியா வரிசையா இருக்கும். ஒரே கடியில அறுக்காது, பத்து நிமிஷம் உரசி உரசி அறுக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்த ஒண்ணரை அடியை விரலால தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா வெட்டிட்டுப் புதுசு கட்டுங்க.

முள் 5/0 வட்ட முள். ஜே முள் (J வடிவ சாதா முள்) போட்டா வாளை வயித்துல போய் மாட்டும், திருப்பி விட முடியாது. வட்ட முள் வாய் ஓரத்துல ஏறும். ஆனா அதுக்கு ஒரு நிபந்தனை: வெட்டி இழுக்கவே கூடாது. நரம்பு ஓடத் தொடங்கினதும் ரீலோட பெயிலை (நரம்பைப் பிடிக்கிற கம்பியை) மூடி, நிதானமா சுத்தி இறுக்குங்க. முள் தானா திரும்பி ஏறும். வட்ட முள்ளுல மீன் விழலேன்னு சொல்றவங்க முக்காவாசிப் பேரு பழக்கதோஷத்துல வெட்டி இழுக்கிறவங்கதான்.

இரை, விரல் நீளத்துல இருந்து ஒரு சாண் வரைக்கும் கெண்டை. உயிரோட போட்டா மூக்குக்குக் குறுக்க குத்துங்க. ஓட்டத்துக்கு எதிரா தலை வச்சு நீந்தும், சீக்கிரம் சாகாது. முதுகுல குத்தினா ஓட்டத்துல பக்கவாட்டுல சுழண்டு நரம்பை முறுக்கிரும். முள் நுனியும் வளைவும் முழுசா வெளிய தெரியணும், சதைக்குள்ள புதைஞ்சா வட்ட முள் வேலை செய்யாது.

செத்த கெண்டைன்னா துண்டு போட்டுப் போடலாம், ஆனா நண்டு தொல்லை. கால் மணி நேரத்துல எலும்புதான் மிஞ்சும். முள்ளுக்கு நாலு விரல் மேல சுண்டுவிரல் பருமன்ல தெர்மாகோல் துண்டு கோத்து விட்டா இரை அடியை விட்டு எழும்பி நிக்கும், நண்டுக்கு எட்டாது. அது திரும்ப ஆத்துல விழாதபடி இறுக்கமா கோக்கணும்.

பாளைத் தக்கை:
உயிர்த் தவளை இரை பத்தி யாருமே சொல்லலையே அண்ணாச்சி? விராலுக்கு அதுதானே பழைய முறை?

வாளைவலம்:
வேண்டாம் தம்பி. ஐப்பசி மழையில கத்துற தவளை எல்லாம் இனப்பெருக்கத்துல நிக்கிறது. பிசான வயல்ல பூச்சி தின்கிற சீவன். ரப்பர் தவளை அந்த வேலையை முழுசா செய்யுது.

மேலக்கால்:
அதே மாதிரி விராலுக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கு. இந்த மழையில விரால் குஞ்சு பொரிக்கும். கரையோரம் செக்கச்செவேல்னு குஞ்சுக்கூட்டம் மேல வந்து, மூச்சு வாங்கிட்டு, ஒண்ணா உள்ள போகும். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிக்கும். அந்தக் கூட்டத்துக்குள்ள தவளையை வீசினா நிச்சயம் அடிக்கும், பசியில இல்ல, குஞ்சைக் காப்பாத்த. அந்த மீனை எடுத்துட்டா கூட்டம் முழுக்க உளுவைக்கும் கொக்குக்கும் இரை. சிவப்புக் கூட்டம் பாத்தா நூறு அடி தள்ளிப் போங்க.

தனியா நிக்கிற விராலைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. விரால் காத்தைக் குடிச்சாகணும். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் மேல வந்து வாயைத் திறந்து மூடும். 'பொளக்'னு சத்தம், ஒரு வளையம், கூட ரெண்டு மூணு குமிழி. அந்த வளையத்து மேலயே வீசாதீங்க. ஒரு பாகம் தாண்டி வீசி, வளையம் இருந்த இடம் வழியா இழுத்துட்டு வாங்க. பனையேறியும் சிலேபியும்கூட வளையம் போடும், ஆனா அது சின்னதா, அடிக்கடி வரும்.

கல்லிடை:
வாளை பத்தியும் சேத்துச் சொல்லணும். ஐயூசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியல்ல வாளை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனம். சாப்பாட்டுக்குன்னா சின்னது ஒண்ணு போதும், பெரிய தாய் மீனைத் திருப்பி விடுங்க. விடும்போது தாடையில தொங்கவிடாம, வயித்துக்குக் கீழ ஒரு கை கொடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிரா பிடிச்சு, வால் தானா அடிக்கத் தொடங்கினதும் விடுங்க. முள் உள்ள போயிருந்தா தோண்டாதீங்க, நரம்பை ஒட்ட வெட்டிடுங்க.

வாளைன்னு நினைச்சு ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டுராதீங்க. அடையாளம் லேசு. வாளைக்கு முதுகுத் துடுப்பு குட்டையா, விரல் அகலம்தான். வாய் கண்ணைத் தாண்டி வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும், மீசை ரெண்டு ஜோடி. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னாலயிருந்து வால் வரைக்கும் நீளமா ஓடும், தலை தட்டையா எலும்பா இருக்கும், மீசை நாலு ஜோடி. அது தடை செஞ்ச மீன், நம்ம ஆத்து மீனைத் தின்னு தீக்கும். ஆத்துல திரும்ப விடவே கூடாது.

பாளைத் தக்கை:
ராத்திரி கரையில நிக்கிறதுக்கு வேற என்ன கவனிக்கணும்?

மேலக்கால்:
தண்ணி. மத்ததெல்லாம் அப்புறம். பாபநாசம் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. ஐப்பசிக் கடைசியில இருந்து தினமும் பேப்பர்ல அணை நிலவரம் பாருங்க. பாபநாசம் நிறையுற நிலையில இருந்து மலையிலயும் மழைன்னா, உபரித்தண்ணி எப்ப வேணும்னாலும் வரும். உங்க தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கும், ஆறு ஏறும்.

போனதும் தண்ணி தொடுற இடத்துல ஒரு குச்சியை நட்டு வைங்க. பத்து நிமிஷத்துல ரெண்டு விரல் ஏறினா சாமானைச் சுருட்டுங்க. மிதந்து வர்ற சருகும் நுரையும் திடீர்னு கூடினாலும், நரம்புல இலை மாட்டத் தொடங்கினாலும் அதே அர்த்தம். ஆத்து நடுவுல உள்ள மணல் திட்டுக்கு இந்த ரெண்டு மாசமும் போகவே கூடாது. இறங்கும்போது முழங்கால் ஆழமா இருந்த பாதை திரும்பும்போது கழுத்தளவு ஆயிரும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முந்தித் தெரிஞ்ச ஆழத்தை நம்பியும் இறங்காதீங்க. மணல் அள்ளின குழி எங்க இருக்குன்னு மேலயிருந்து பாத்தா தெரியாது.

சாயங்காலம் இடி கேட்டா ராடைக் கீழ போட்டுட்டுத் தள்ளிப் போங்க. கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். கால்ல புண்ணு இருந்தா வயல் வடிகால் பக்கம் இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் அந்த வழியாத்தான் வரும்.

சுத்தமல்லி நாணல்:
முள் குத்துக்கும் ஒரு வார்த்தை. ராத்திரி வாளைத் தூண்டில்ல தேளியும் கெளுத்தியும் சேந்து வரும். தேளியோட பக்கத் துடுப்பு முள்ளுல விஷம், குத்தினா கை முழுக்கக் கடுக்கும். துணியால பிடிச்சா முள் துணியைத் துளைச்சு வரும், இடுக்கியால முள்ளைத் திருப்பி மீனை நேரா வாளிக்குள்ள விடுங்க. குத்திருச்சுன்னா பொறுக்குற சூட்டுல, 45 டிகிரிக்கு மேல போகாம, வெந்நீர்ல அந்த இடத்தை அரை மணி நேரத்துல இருந்து ஒண்ணரை மணி நேரம் முக்கி வைங்க. ஐஸ் வைக்காதீங்க. சூட்டுலதான் வலி அடங்கும். குத்துன முள் உடைஞ்சு உள்ள நின்னா, இல்ல வீக்கம் ஏறினா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. ஒரு பிளாஸ்க்குல வெந்நீர் கொண்டு போறது ராத்திரித் தூண்டிலுக்கு நல்ல பழக்கம்.

பாளைத் தக்கை:
எல்லாருக்கும் நன்றி. ராடை மாத்துறேன், 40 பவுண்டு பிரெய்டு சுத்துறேன். கடைசியா ஒண்ணு: கால்வாய்லயும் குளத்துலயும் போடலாமா? நயினார்குளம் பக்கம் நிறைய பேரு நிக்கிறதைப் பாத்திருக்கேன்.

வாளைவலம்:
குளமெல்லாம் பெரும்பாலும் மீன்பாசி குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர்ட்ட கேக்காம தூண்டில் போட்டா தகராறுதான், நியாயமும் அவர் பக்கம். கால்வாய்ல மதகு ஷட்டருக்கு முன்னால நிக்காதீங்க, திறந்தா உறிஞ்சி இழுக்கும். மதகு தாண்டி அம்பது அடி கீழ, கரை மரத்து வேர் தொங்குற இடத்துல சின்னத் தவளையா, 4 செ.மீ. போடுங்க. கால்வாய் விரால் பெருசா இருக்காது, 6 செ.மீ. தவளையை முட்டிட்டுப் போயிரும்.